லீவு நாள்ல கடைய மூடணுமா வேணாமா? வேலூர் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விங்க

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிட்ட வந்துச்சுன்னா இதே பேச்சுதான். கடைக்காரங்க ஒரு பக்கம் கேப்பாங்க, வேலை செய்ற பசங்க இன்னொரு பக்கம் கேப்பாங்க. நான் காட்பாடி ரோட்டுல சின்னதா ஹார்டுவேர் பெயிண்ட் கடை வச்சிருக்கேன், மூணு பசங்க வேலை செய்றாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷம் ஜவுளிக்கடையில சேல்ஸ்மேனா நின்னவன். அதனால கல்லாவுல உக்காந்திருக்கிறவரு கவலையும் தெரியும், கவுண்டர்ல நிக்கிறவங்க கால் வலியும் தெரியும். எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா ஒரே எடத்துல எழுதிட்டேன்.

லீவு நாள்ல எல்லா கடையும் மூடியே ஆவணும்னு சட்டம் இருக்குதா?

இல்ல. நிறைய பேரு இதத்தான் தப்பா புரிஞ்சிக்கினு இருக்காங்க. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம்னு 1958ல போட்ட சட்டம் ஒன்னு இருக்குது. அந்த சட்டம் லீவு குடுக்கிறது கடைக்கு இல்ல, கடையில வேலை செய்ற ஆளுக்கு. அதாவது ஷட்டர் தொறந்திருக்கா மூடியிருக்கான்றது ரெண்டாவது விஷயம், உள்ள நிக்கிற ஆளுக்கு சம்பளத்தோட லீவு கெடைச்சிதா, கெடைக்கலன்னா அதுக்கு உண்டான காசு கெடைச்சிதா, அதுதான் கேள்வியே. இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிட்டா மீதி கேள்வி பாதிக்கு தன்னால பதில் வந்துடும்.

எந்தெந்த நாள்?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாலும் மாத்த முடியாதது. இது போக வருஷத்துக்கு 5 பண்டிகை நாள், அது எந்தெந்த பண்டிகைன்னு ஓனரும் வேலை செய்றவங்களும் கலந்து பேசி லேபர் இன்ஸ்பெக்டர் மூலமா முடிவு பண்ற மாதிரி. ஆக மொத்தம் 9 நாள். இது வாரா வாரம் விடுற லீவு கணக்குல சேராது, அது தனி. அரசாங்கம் வருஷா வருஷம் விடுற லிஸ்ட்ல இருபத்து சொச்சம் நாள் இருக்கும், அது கவர்மெண்ட் ஆபீஸ், பேங்க்குக்கு. அந்த லிஸ்ட்ட காட்டி கடையில லீவு கேட்டா குடுக்கணும்னு இல்ல, ஆனா இந்த 9 நாள் கேட்டு வாங்குற உரிமை, யாரும் தானமா குடுக்கிறது இல்ல.

நாங்க அன்னைக்கு தொறந்துதான் வைக்கணும், வேற வழியில்ல. இன்னா பண்ணணும்?

24 மணி நேரத்துக்கு முன்னாடியே வேலை செய்றவருக்கு எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். அதோட ஒரு காப்பி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பணும், ஒன்னு கடையிலயும் ஒட்டணும். அப்புறம் அன்னைக்கு வேலை செஞ்சவருக்கு ரெட்டை சம்பளம், இல்லன்னா அந்த நாள் சம்பளமும் குடுத்து வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும் குடுக்கணும். ரெண்டுல எது வேணும்னு முடிவு பண்றது வேலை செய்றவரு, ஓனர் இல்ல. இத பல ஓனருங்க கிட்ட சொன்னா ஆச்சரியமா பாக்குறாங்க.

ஒரு கணக்கு சொல்றேன். ஒருத்தருக்கு நாள் சம்பளம் 400 ரூபான்னு வைங்க. அக்டோபர் 2 அன்னைக்கு வீட்ல இருந்தாலும் அவருக்கு 400 ரூபா உண்டு. கடைக்கு வந்து வேலை செஞ்சா 800, இல்லன்னா 400 வாங்கிக்கினு இன்னொரு நாள் லீவு. மாச சம்பளக்காரங்களுக்கும் அதே கணக்குதான், மாச சம்பளம் போக ஒரு நாள் சம்பளம் கூட சேர்ந்து வரணும். "மதியம் பிரியாணி வாங்கி குடுத்தேனே" ன்னு சொல்றது இந்த கணக்குல வராது, பிரியாணி குடுக்கிறது நல்ல விஷயம்தான், ஆனா அது வேற.

எங்க கடையில காலைல கொடியேத்தி மிட்டாய் குடுத்துட்டு ஒம்பது மணிக்கு ஷட்டர தூக்கிடறாங்க. நோட்டீஸும் இல்ல ரெட்டை சம்பளமும் இல்ல. இது சரியா?

சரியில்லைங்க. நான் வேலை செஞ்ச ஜவுளிக்கடையிலயும் இப்படித்தான். சட்டையில கொடிய குத்திக்கினு வரிசையா நிப்போம், ஓனர் கொடியேத்துவாரு, ஆளுக்கு ரெண்டு மிட்டாய், அஞ்சு நிமிஷத்துல அதே சட்டையோட அவங்கவங்க செக்‌ஷனுக்கு போயிடணும். லீவு நாளுன்றதால அன்னைக்குத்தான் கூட்டம் அதிகம். குடும்பத்தோட வருவாங்க, ஒரு புடவை எடுக்கிறதுக்கு இருபது புடவைய பிரிச்சி காட்டணும், அவங்க போனதும் மடிப்பு கலையாம திரும்ப மடிச்சி அட்டைப்பெட்டியில வைக்கணும், அதுக்குள்ள அடுத்த குடும்பம் வந்து உக்காந்துடும். ராத்திரி வீட்டுக்கு போனா குழந்தை ஸ்கூல்ல குடுத்த மிட்டாய கையில வச்சிக்கினே தூங்கியிருக்கும். கூட வேலை செஞ்ச அக்காங்க முக்காவாசி பேரு அணைக்கட்டு, ஒடுக்கத்தூர், கணியம்பாடி பக்கத்துலருந்து பஸ் புடிச்சி வர்றவங்க, அவங்க வீடு போய் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்.

நிக்கிறதப் பத்தி சொன்னதால இதையும் சொல்லிடறேன். கடையில வேலை செய்றவங்களுக்கு உக்கார சீட்டு வசதி கட்டாயம்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்துடுச்சி. அதையும் கேளுங்க.

சட்டத்த விடு, உன் மனசுல இன்னா? மூடணுமா வேணாமா?

என் மனசுல இருக்கிறத நேரா சொல்றேன். அந்த நாலு தேசிய நாள்லயும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஜவுளி, நகை, மொபைல், பாத்திரம், ஹார்டுவேர் இந்த மாதிரி கடைங்க மூடணும். ஒரு நாள் தள்ளி வாங்குனா யாருக்கும் ஒன்னும் ஆயிடாத பொருள் எல்லாம் இதுல சேரும். சாப்பாட்டு கடை, மெடிக்கல், லாட்ஜ், பால், பெட்ரோல் பங்க் இதெல்லாம் தொறந்து வைக்கட்டும், ரெட்டை சம்பளம் குடுத்து.

ஏன் மூடியே ஆவணும்னு சொல்றேன்னா, "முறை வச்சி லீவு குடுக்கிறேன்" னு சொல்றது பேப்பர்ல நல்லா இருக்கும், நடைமுறையில சூப்பர்வைசருக்கு வேண்டியவங்களுக்கு லீவு கெடைக்கும், வாய் பேசாதவங்க நின்னுக்கினே இருப்பாங்க, நான் கண்ணால பாத்தது. மாத்து லீவு "அடுத்த வாரம் பாக்கலாம்" னு சொல்லி சொல்லி மாசம் ஓடிடும். மொத்தமா ஷட்டர் எறங்கிடுச்சின்னா யாரும் யாருகிட்டயும் போய் கெஞ்ச வேண்டியதில்ல. இன்னொன்னு, பக்கத்து கடை தொறந்திருக்குதேன்ற பயத்துலதான் பாதி பேரு தொறக்கிறாங்க. லாங்கு பஜாரோ மண்டி வீதியோ காந்தி ரோடோ, ஒரு வீதியில இருக்கிற கடைங்க எல்லாம் பேசி வச்சி ஒன்னா மூடுனா அந்த பயமே கெடையாது.

சி.எம்.சி ஆஸ்பத்திரிய சுத்தி இருக்கிற கடைங்கள மூட முடியுமா? வெளியூர்க்காரங்க இன்னா பண்ணுவாங்க?

மூடக்கூடாது, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஒத்த பெட்டோட ஆரம்பிச்ச எடத்துக்கு இன்னைக்கு மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அசாம், ஆந்திரான்னு எங்கெங்கருந்தோ வர்றாங்க. காந்தி ரோட்டுலயும் பாபு ராவ் தெருவுலயும் லாட்ஜ் எடுத்து வாரக்கணக்குல தங்குறாங்க. ஆபரேஷன் முடிஞ்சி ரூம்ல படுத்திருக்கிற ஆளுக்கு கஞ்சி வேணும், மாத்திரை வேணும், கூட இருக்கிறவங்க ரூம்லயே சமைக்கிறதுக்கு அரிசி, காய், சின்ன ஸ்டவ் வேணும். மொழி தெரியாத ஊர்ல எல்லா கடையும் மூடி கெடந்தா அவங்க எங்க போவாங்க?

ஆனா இத காரணமா காட்டி மத்தவங்களும் தொறக்கிறாங்க பாருங்க, அதத்தான் ஒத்துக்க முடியல. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிறதால நகைக்கடை அத்தியாவசியம் ஆயிடாது. இட்லி கடையில வேலை செய்ற பையனுக்கும் லீவு உண்டு, அவன் உழைப்புலதான் அந்த வெளியூர் குடும்பம் அன்னைக்கு சாப்பிடுது, அவனுக்கு ரெட்டை சம்பளம் குடுக்காம விட்டா அது பெரிய தப்பு. பெரிய ஆஸ்பத்திரிங்களே லீவு நாள்ல ஓ.பி.ய நிறுத்திட்டு எமர்ஜென்சியும் வார்டும் மட்டும் ஓட்டுறாங்க, எது தேவை எது தள்ளிப் போடலாம்னு பிரிச்சி பாக்க முடியும்னுதான அர்த்தம்.

ஸ்ரீபுரம், ஏலகிரி பக்கம் லீவு நாள்தான் வியாபாரமே. அவங்களையும் மூட சொல்வியா?

சொல்ல மாட்டேன். தங்கக் கோயிலுக்கு வர்ற கூட்டத்த நம்பி கடை போட்டவங்களுக்கும் கோட்டை எதிர்ல வேர்க்கடலை, பலூன் விக்கிறவங்களுக்கும் அன்னைக்கு கெடைக்கிற காசுதான் அந்த வாரத்துக்கு. அந்த மாதிரி எடத்துல வேலை செய்றவங்களுக்கு கூட்டம் இல்லாத செவ்வாய் புதன்ல சம்பளத்தோட மாத்து லீவு குடுக்கலாம், அவங்களுக்கு காசுதான் வேணும்னா காசு. சில பேரு காசு வேணும்னுதான் சொல்வாங்க, அதுவும் அவங்க உரிமை.

ஒரு நாள் மூடுனா எவ்ளோ நஷ்டம் தெரியுமா? ஜனங்க போன்ல ஆர்டர் போட்டுடறாங்க.

தெரியுங்க, நானும் கடைக்காரன். ஆனா ஒரு வருஷத்துல நாலு நாளோ ஆறு நாளோ மூடுறதால ஆன்லைன்காரன்கிட்ட கஸ்டமர் போயிட்டாருன்னு சொல்றது எனக்கு சரியா படல, மீதி 350 நாளும் தொறந்து வச்சும் அவரு போறாருன்னா காரணம் வேற எடத்துல இருக்குது. என் கடையில பாத்த வரைக்கும், பைப்பு வாங்க நாளைக்கு வர வேண்டியவரு முந்தின நாளே வந்துடறாரு, இல்ல மறுநாள் வர்றாரு. முன்னாடியே போர்டு வச்சிடணும், அதுதான் முக்கியம். மேஸ்திரிங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா போதும், வேணுங்கிற சிமெண்ட் கம்பியெல்லாம் எடுத்துக்குவாங்க. அவசரமா கொழாய் ஒடைஞ்சி தண்ணி ஊத்துதுன்னு யாராவது போன் பண்ணா நானே போய் கடைய தொறந்து ஒரு வால்வு எடுத்து குடுத்துட்டு வருவேன், பசங்கள கூப்பிட மாட்டேன்.

மே 1க்கு கடைய மூடுறது கஷ்டம், கோடை சீசன்.

இந்த பதில்ல கொஞ்சம் சூடாத்தான் பேசுவேன். மே 5 வணிகர் தினம். அன்னைக்கு மாநாட்டுக்கு போறதுக்காக தமிழ்நாடு பூரா நிறைய கடைய நாம மூடுறோம், நம்ம பிரச்சனைய பேசுறதுக்கு ஒரு நாள் வேணும்னு மூடுறோம், நானும் மூடுவேன். அதே கோடை, அதே சீசன், நாலே நாள்தான் வித்தியாசம். நமக்காக மே 5 மூட முடியுதுன்னா அவங்களுக்காக மே 1 மூட முடியும். இந்தியாவுல மொத மொதல்ல மே தினம் கொண்டாடுனதே நம்ம சென்னையில, 1923ல சிங்காரவேலர் கொடியேத்துனாரு. நூறு வருஷம் தாண்டி அதே தமிழ்நாட்டுல மே 1 அன்னைக்கு ஒரு பொண்ணு ராத்திரி வரைக்கும் கவுண்டர்ல நிக்குதுன்னா அது எனக்கு வலிக்குது.

பத்து பேருக்கு மேல இருந்தா 24 மணி நேரமும் 365 நாளும் தொறக்கலாம்னு அரசாணை இருக்குதே?

இருக்குது. 2019ல போட்டாங்க, அப்புறம் 2022ல நீட்டிச்சாங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற கடைக்கு அது. ஆனா அரசாணைய முழுசா படிங்க. ஒவ்வொருத்தருக்கும் வாரத்துல ஒரு நாள் முறை வச்சி லீவு குடுக்கணும், அன்னைக்கு யார் யார் லீவுன்னு தினமும் கடையில எழுதி ஒட்டணும், ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான், ஓவர்டைம் காசு உள்பட சம்பளம் பேங்க் அக்கவுண்ட்ல போடணும், பெண்கள ராத்திரி 8 மணிக்கு மேல வேலைக்கு வைக்கணும்னா அவங்க எழுதி குடுத்த சம்மதமும் பாதுகாப்பும் வேணும். கடை 365 நாள் தொறந்திருக்கலாம்னுதான் சொல்லுது, ஆளு 365 நாள் வரணும்னு எங்கயும் சொல்லல. அந்த 9 நாள் சட்டம் அப்படியேதான் இருக்குது.

எங்க கடையில எல்லா மதத்துக்காரங்களும் இருக்காங்க. 5 பண்டிகைய எப்படி பிரிக்கிறது?

வேலூர்ல இது எல்லா கடையிலயும் வர்ற பிரச்சனைதான். வருஷ ஆரம்பத்துலயே எல்லாரையும் உக்கார வச்சி பேசிடுங்க. எங்க கடையில பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை, ரம்ஜான், கிறிஸ்துமஸ்னு வச்சிருக்கோம், எல்லாருக்கும் எல்லா நாளும் லீவு. ஒரு பையன் பக்ரீத்துக்கும் வேணும்னு கேட்டான், குடுத்தோம், அதுக்கு சட்டம் தேவையில்ல, மனசு இருந்தா போதும். பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் போனா வார லீவையே வெள்ளிக்கிழமை விடுற கடைங்கள பாக்கலாம், அந்தந்த ஊர் ஜனங்களுக்கு ஏத்த மாதிரி.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) திருவிழாவுக்கு கலெக்டர் லோக்கல் லீவு விடுறாரே, அன்னைக்கு?

லோக்கல் லீவு கவர்மெண்ட் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும்தான், அதுக்கு பதிலா ஒரு சனிக்கிழமை வேலை நாளா வச்சிடுவாங்க. கடைங்கள கட்டுப்படுத்தாது. ஆனா குடியாத்தத்துல கடை வச்சிருக்கிறவரு வைகாசி 1ஆம் தேதிய அந்த 5 பண்டிகையில ஒன்னா சேத்துக்கிறது ரொம்ப பொருத்தம், ஊரே சிரசு பின்னாடி போகும்போது கடைக்குள்ள ஆள நிக்க வைக்கிறது ஏன்?

பொங்கலுக்கு ஒரு நாள் லீவு குடுத்தா பசங்க நாலு நாள் வரமாட்றாங்க.

வரமாட்டாங்கதான். மாட்டுப் பொங்கல் முடிஞ்சா கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் ஊருக்கு ஊர் காளை விடுற திருவிழா ஆரம்பிச்சிடும். மாடு ஓடுறத பாக்காம அந்த பசங்கள கவுண்டர்ல நிக்க சொன்னா மனசு அங்கதான் இருக்கும். பொங்கலுக்கு முந்தின வாரம் கூட்டத்துல ராவா பகலா ஒழைச்சிருப்பாங்க. தை 3 வரைக்கும் கடைய மூடிட்டு எல்லாரும் ஒன்னா திரும்பி வர்றது எங்களுக்கு ஒத்து வருது.

தேசிய நாள்ல லீவு விட்டா வீட்ல தூங்கத்தான போறாங்க?

தூங்கட்டுமே, தூக்கமும் வேணும்தான? ஆனா இதுல பெரிய விஷயம் ஒன்னு இருக்குது, யாரும் யோசிக்கிறதில்ல. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலு நாளும் எல்லா பஞ்சாயத்துலயும் கிராம சபை நடக்குது. வேலூர் டவுன்ல வேலை செய்றவங்க பாதிக்கு மேல கிராமத்துலருந்து வர்றவங்க. அவங்க ஊர்ல தண்ணி டேங்க் ஏன் கட்டல, நூறு நாள் வேலை கணக்கு இன்னா, பஸ் ஏன் ஊருக்குள்ள வரலன்னு நேர்ல எழுந்து கேக்குற வாய்ப்பு அன்னைக்கு கெடைக்குது. நாம அவங்கள கடையில நிறுத்தி வச்சா அந்த நாலு கிராம சபையிலயும் அவங்க வாய தொறக்க முடியாது. என் கடையில இருக்கிற லத்தேரி பையன் அவங்க தெருவுக்கு லைட் வேணும்னு மனு எழுதிக்கினு போனான். லீவுக்கு இத விட நல்ல காரணம் எனக்கு தெரியல.

ஓட்டு போடுற நாளைக்கு?

மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 1951, பிரிவு 135பி. ஓட்டு உள்ள எல்லா தொழிலாளிக்கும் சம்பளத்தோட லீவு, தினக்கூலிக்கும் சேத்து. ஆள் இல்லன்னா ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும்ற மாதிரி வேலைக்கு மட்டும் விலக்கு. வேலூர்க்காரங்களுக்கு இது நல்லா ஞாபகம் இருக்கும், 2019ல மத்த ஊர்ல எல்லாம் எம்.பி. எலெக்‌ஷன் முடிஞ்சி நம்ம தொகுதிக்கு மட்டும் ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை நடந்துச்சி. சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை செஞ்சிக்கினு இருந்த நம்ம பசங்க "எங்க ஊர்ல எலெக்‌ஷன்" னு சொன்னா நம்பாத கம்பெனிங்க உண்டு. ஓட்டு எந்த தொகுதியில இருக்கோ அங்க நடக்கிற எலெக்‌ஷனுக்கு லீவு கேக்கலாம்.

நானும் என் வூட்டுக்காரியும் மட்டும் பாக்குற பெட்டிக்கடை. நாங்க தொறக்கலாமா?

தாராளமா. சம்பளத்துக்கு ஆளே இல்லன்னா இந்த 9 நாள் சட்டம் உங்கள தொடாது.

கறிக்கடை, டாஸ்மாக் மட்டும் ஏன் கட்டாயமா மூடுறாங்க?

அது வேற கதை. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்திக்கு கறிக்கடைய மூடணும்னு மாநகராட்சி உத்தரவு போடும். டாஸ்மாக்குக்கு இதோட குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபியும் சேரும். அது அந்த நாளோட மரியாதைக்காக, தொழிலாளி லீவுக்காக இல்ல.

ஷூ கம்பெனி, டேனரியில எப்படி?

ஆம்பூர், ராணிப்பேட்டை பெரிய கம்பெனிங்கள்ல வருஷ லீவு லிஸ்ட்ட கேட் பக்கத்துலயே ஒட்டி வச்சிருப்பாங்க, கடைங்கள விட பரவால்ல. டேனரியில ஊற வச்ச தோல பாதியில விட முடியாது, அதனால முன்கூட்டியே கணக்கு போட்டு லோடு எறக்கணும், எறக்குறாங்க. தோலுக்கே பிளான் பண்ண முடியுதுன்னா துணிக்கு முடியாதா?

வீட்ல பீடி சுத்துறவங்க, மூட்டை தூக்குறவங்களுக்கு?

இதுதான் மனசு கஷ்டப்படுற எடம். ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னு கூலி, சுத்துனா காசு சுத்தலன்னா இல்ல. மார்க்கெட்ல மூட்டை தூக்குறவருக்கு கடை மூடுனா அன்னைக்கு அடுப்பு எரியாது. நான் கடைய மூடுங்கன்னு சொல்றப்ப இவங்க நஷ்டத்தையும் சேத்துத்தான் யோசிக்கணும். எங்க கடைக்கு லோடு எறக்குற அண்ணனுக்கு அந்த நாலு நாளும் ஒரு நாள் கூலி குடுத்துடறேன். சட்டத்துல நல வாரியம், பதிவு எல்லாம் இருக்குது, ஆனா சம்பளத்தோட லீவுன்னு இவங்க கையில வந்து சேருற மாதிரி இன்னும் வழி வரல, வரணும்.

ரெட்டை சம்பளமும் குடுக்கல, மாத்து லீவும் இல்ல. யார்கிட்ட போவணும்?

கடை, ஓட்டல்னா தொழிலாளர் துறை, மாவட்டத்துல தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) ஆபீஸ் இருக்குது. ஃபேக்டரின்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தேசிய நாள்ல அவங்களே கடை கடையா செக்கிங் போவாங்க, மறுநாள் பேப்பர்ல எத்தனை கடை மேல நடவடிக்கைன்னு வரும். அவங்க வந்து கேக்கும்போது "நானா விருப்பப்பட்டு வந்தேன்" னு சொல்லிடாதீங்க, நோட்டீஸ் குடுத்தாங்களான்னு கேட்டா உள்ளத சொல்லுங்க. தனியா மனு குடுக்க பயமா இருந்தா நாலஞ்சு பேரா சேந்து கையெழுத்து போட்டு குடுங்க, இல்ல யூனியன் மூலமா குடுங்க. எந்த தேதியில எத்தனை மணிக்கு வந்தோம் எத்தனை மணிக்கு போனோம்னு ஒரு நோட்டுல எழுதி வையுங்க, அட்டெண்டன்ஸ் மெசேஜ் வந்தா அழிக்காதீங்க, சம்பள சீட்டு குடுத்தா பத்திரமா வைங்க.